பரங்கிக்குள் கோழி

போன வருடத்துக்கு முந்தின அக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம், மாதத்துக்கு ஒருமுறையாவது எங்கள் வீட்டில் இது நடந்தது. பூசணி வகைக் காயான பட்டர்நட் ஸ்குவாஷை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஓவனில் சுட்டு, நடுவில் க்ரீம் சேர்த்த கோழிக்கறியை நிரப்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைப்பேன். என் வீட்டுக்காரர் பாதி சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பார். மகள் கோழியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். பத்து மணி வாக்கில் சமையலறையில் விளக்கு எரியும். போய்ப் பார்த்தால், அவர் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சோற்றைப் போட்டுத் தயிர் ஊற்றிப் பிசைந்து, ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாயை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் சங்கடப்படுவார். அந்தச் சங்கடம்தான் என்னை ரொம்ப வருத்தியது. பசித்த மனிதர் தன் வீட்டில் சாப்பிடுவதற்கு ஏன் தயங்க வேண்டும்?

அவருக்கு அப்போது ஏ1சி, அதாவது மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை, 6.2 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்பது நம் குடும்பங்களில் இன்று எல்லோருக்கும் மனப்பாடம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் கவனியுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், பாஸ்டனுக்கு மேற்கே. இலையுதிர் காலம் வந்தால் சாலையோரப் பண்ணைக் கடைகளில் ஸ்குவாஷ் வகைகள் மரப்பெட்டிகளில் குவிந்து கிடக்கும். வெந்த சோறு ஒரு கப்பில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சுட்ட பட்டர்நட் ஒரு கப்பில் சுமார் 22 கிராம்தான், அதிலும் 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. இந்தக் கணக்கைப் பார்த்ததும் ராத்திரிச் சோறு இருந்த இடத்தில் ஸ்குவாஷை வைத்துவிட்டேன். புரதத்துக்குக் கோழி, வயிறு நிறையக் காய், ருசிக்குக் கொஞ்சம் க்ரீம். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஆனாலும் பத்து மணிக்கு விளக்கு எரிந்தது.

அவருக்குச் சோற்றின் மேல் ஆசை, வேறென்ன என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் அப்படியே நினைத்தேன். அவர் சோற்றோடு எதைச் சேர்த்துச் சாப்பிட்டார் என்று நான் கவனிக்கவே இல்லை.

க்ரீமும் க்ரீம் இல்லாததும்

நான் முதலில் செய்தது இந்த ஊர் முறைப்படி. சுட்ட ஸ்குவாஷின் மேல் வெண்ணெயும் மேப்பிள் சிரப்பும் தடவி, துளி பட்டைத்தூள் தூவுவார்கள். உள்ளே வைக்கும் கோழிக்கு சேஜ் என்ற வாசனை இலை, பூண்டு, ஹெவி க்ரீம், சிலர் க்ரீம் சீஸும் சேர்ப்பார்கள். ஹெவி க்ரீம் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் 36 சதவீதமாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். அரைக் கப் ஊற்றினால் 400 கலோரி உள்ளே போய்விடும். அதன் வழவழப்பு நாக்கில் படும்போது சுகமாகத்தான் இருக்கும். நாலாவது வாயில் அலுத்துவிடும். காயும் இனிப்பு, சிரப்பும் இனிப்பு, க்ரீமும் பாலின் இனிப்பு. நடுவில் கோழி தனியாக, யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி இருக்கும்.

சரி, க்ரீம்தான் பிரச்சினை என்று அதை எடுத்துவிட்டு, கொழுப்பு நீக்கிய கிரேக்கத் தயிரை, அதாவது தண்ணீர் வடித்த கெட்டித் தயிரை, ஊற்றிப் பார்த்தேன். ஆரோக்கியச் சமையல் என்று சொல்பவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கொதிக்கிற கோழியில் நேராக ஊற்றினேன். அரை நிமிடத்தில் தண்ணீர் தனியாக, வெள்ளைத் திரி தனியாகப் பிரிந்துபோனது. அடுத்த முறை பாலில் சோளமாவு கரைத்து ஊற்றினேன், கெட்டியாக வந்தது, எந்த ருசியும் இல்லை. காலிஃபிளவரை வேகவைத்து அரைத்து ஊற்றியதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

எனக்கு அப்போது ஒரு கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று நம்மிடம் வரும் சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை உட்காரவைப்பதோடு நின்றுவிடுகின்றன. சோற்றுக்குப் பதில் இது, க்ரீமுக்குப் பதில் அது. எடுக்கப்பட்ட பொருள் அந்தச் சாப்பாட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, அந்த வேலையை இனி யார் செய்வது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் சமைத்ததை வீட்டில் உள்ளவர்கள் கடமைக்குச் சாப்பிடுவார்கள். கடமைக்கு எத்தனை மாதம் ஒருவர் சாப்பிட முடியும்? சர்க்கரையோடு வாழ்வது ஆறு மாத வேலை இல்லை. இனி முப்பது வருடம், நாற்பது வருடம் அவர் தினமும் உட்காரப்போகும் சாப்பாட்டு மேசை அது.

"புளிப்பு எங்கடி?"

போன செப்டம்பரில் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்தார். வந்த இரண்டாவது வாரம் பண்ணைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆரஞ்சு, பச்சை, வரி போட்டது, உருண்டை, நீளம் என்று அத்தனையும் தாண்டிப் போய், ஒரு பட்டர்நட்டைக் கையில் எடுத்தார். விரலால் தட்டிப் பார்த்தார். காம்பைத் தடவினார். "பரங்கிக்காயை ஏன் இவ்வளவு நீளமா வளர்த்து வச்சிருக்காங்க?" என்று கேட்டார். "அது ஸ்குவாஷ்மா, வேற" என்றேன். வீட்டுக்கு வந்து அதை அறுத்ததும் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதா, பரங்கிதான்" என்றார்.

தேடிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. நம் சந்தைகளில் விற்கும் பரங்கிக்காய் பெரும்பாலும் எந்த இனமோ, பட்டர்நட்டும் அதே இனம்: குக்குர்பிட்டா மொஸ்காட்டா. இந்த நீள வடிவத்தை 1940களில் உருவாக்கியவர் சார்ல்ஸ் லெகெட் என்பவர், அதுவும் நாங்கள் வருடாவருடம் ஆப்பிள் பறிக்கப் போகும் அதே ஸ்டோ ஊரில். பிறகு இங்கே பக்கத்தில் வால்தமில் இருந்த ஆய்வு நிலையத்தில் அதை இன்னும் சீராக்கி 'வால்தம் பட்டர்நட்' என்று வெளியிட்டார்கள், 1970இல் அதற்கு அமெரிக்க விதை விருது கிடைத்தது. ஸ்குவாஷ் என்ற சொல்லே இந்த மண்ணின் பூர்வகுடிகளான நாரகான்செட் மக்கள் மொழியிலிருந்து வந்தது. அவர்களும் அண்டை மக்களும் சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து விதைத்து வந்தார்கள். அதற்கும் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே, மெக்சிகோவின் வாஹாக்கா பகுதியில், மனிதர்கள் இதன் உறவுக் காய் ஒன்றைப் பயிர்செய்திருக்கிறார்கள். அங்கே ஒரு குகையில் கிடைத்த விதைகளுக்கு 10,000 வருட வயது.

நம்மிடம் வந்தது கப்பலில், போர்த்துகீசியர்களுக்குப் பிறகு. பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால் பரங்கிக்காய். வெளியூர்க் காய் என்று பேரே சொல்லிவிடுகிறது. ஆனால் நானூறு ஐநூறு வருடத்தில் நம் பாட்டிமார்கள் அதற்கென்று ஒரு சமையல் இலக்கணமே எழுதிவிட்டார்கள், மனதுக்குள். அது என்ன என்பது எனக்கு அன்று ராத்திரிதான் விளங்கியது.

அன்று வழக்கம்போல க்ரீம் போட்ட கோழியை நிரப்பி வைத்தேன். அம்மா முதல் வாயைப் பொறுமையாக மென்றார். இரண்டாவது வாய் எடுத்தார். அம்மாவுக்குப் பிடிக்காத சாப்பாடு என்றால் உடனே முகத்தில் தெரிந்துவிடும், அன்று முகம் சுளிக்கவில்லை, யோசித்தார். குழம்பில் என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்கும்போது எப்படி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு யோசிப்பாரோ அப்படி. பிறகு கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. புளிப்பு எங்கடி?"

என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்து, "அதான் அத்தை!" என்றார். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்ற சொல்லை வேறு யாரோ எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது அவர் குரல்.

எனக்கு அந்த நிமிடம் பத்து மணிக் கிண்ணம் கண்முன்னே வந்தது. தயிர். எலுமிச்சை ஊறுகாய். அவர் எழுந்து போனது சோற்றுக்காக இல்லை, புளிப்புக்காக. சோறு அதைச் சுமந்து வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் பரங்கிக்காய் எப்போது அடுப்பேறினாலும் பக்கத்திலேயே புளி இருக்கும். பொங்கலன்று வைக்கும் குழம்பில் மொச்சையோடு பரங்கி, அது புளிக்குழம்பு. பரங்கிக்காய் புளிக்கூட்டு என்று பெயரிலேயே இருக்கிறது. அம்மா கருவாட்டுக் குழம்பில் பரங்கிக்காய் போடுவார், அங்கேயும் புளி. பால்கூட்டு மட்டும் விதிவிலக்கு இல்லையா என்று அம்மாவிடமே கேட்டேன். பரங்கியைப் பாலில் வேகவைத்து, சிலர் வெல்லமும் போட்டு, முழுக்க இனிப்பாகவே செய்வார்களே. "பால்கூட்டு வச்சா அன்னைக்கு என்ன குழம்பு வைப்போம்?" என்று திருப்பிக் கேட்டார். வத்தக்குழம்பு. ஒரே பாத்திரத்தில் இல்லாவிட்டாலும் ஒரே இலையில் புளிப்பு வந்து சேர்ந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்களையும் நான் ஒரு வருடம் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். மேப்பிள் சிரப் போட்ட ஸ்குவாஷ் அவர்களுடைய நவம்பர் 'நன்றி நாள்' விருந்தில் தனியாக வருவதில்லை. வான்கோழிக்குப் பக்கத்தில் க்ரான்பெர்ரி சாஸ் இருக்கும், நல்ல புளிப்பு. நான் அவர்கள் மேசையிலிருந்து ஒரு தட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், அதன் ஜோடியை அங்கேயே விட்டுவிட்டு.

மோர்க்குழம்பு தெரிந்த கைக்கு

புளிப்பு வேண்டும் என்றால் புளி கரைத்து ஊற்றலாம். ஆனால் மகளுக்கு அந்த வழவழப்பு பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். வழவழப்பும் புளிப்பும் ஒரே பொருளில் வேண்டும் என்றால் தயிர்தான். "தயிர் ஊத்தினேன்மா, திரிஞ்சு போச்சு" என்றேன். அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "மோர்க்குழம்பு திரியுமா? அதை எப்படி வைப்பே?"

இருபது வருடமாக மோர்க்குழம்பு வைக்கிறேன், ஒருநாளும் திரிந்ததில்லை. தயிரைக் கடைந்து, ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் தேங்காயோடு அரைத்துக் கலந்து, அல்லது அவசரத்துக்குக் கடலைமாவு கரைத்து, சின்னத் தீயில் வைத்து, நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஸ்குவாஷ், ஓவன், சேஜ் இலை என்று வந்ததும் அந்தக் கை வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. புதுச் சாப்பாடு சமைக்கும்போது நமக்குத் தெரிந்த சமையலை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறோம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணமும் எளிமையானதுதான். தயிர் ஏற்கெனவே புளித்தது, அதன் புரதம் பாதி இறுகிய நிலையில் இருக்கிறது. அதிகச் சூடு பட்டால் அந்தப் புரதம் மேலும் இறுகி ஒன்றோடொன்று திரண்டு, உள்ளே பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கக்கிவிடும். மாவுச்சத்து நடுவில் போய் நின்றால் அவ்வளவு எளிதில் திரள முடியாது. கொழுப்பு இருந்தாலும் கொஞ்சம் காக்கும், கொழுப்பு நீக்கிய தயிர் அதனால்தான் முதலில் திரிகிறது. லெபனான், சிரியா பக்கம் 'கூசா பி லபன்' என்று ஒன்று செய்கிறார்கள்: சின்னச் சுரைக்காய் போன்ற இளம் ஸ்குவாஷைக் குடைந்து, கறியும் அரிசியும் அடைத்து, தயிரில் வேகவைப்பது. அவர்களும் தயிரில் சோளமாவோ முட்டையோ கலந்துதான் அடுப்பில் வைக்கிறார்கள். ஸ்குவாஷும் கறியும் தயிரும் சேருமா என்று நான் பயந்ததை, அவர்கள் எத்தனையோ தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள்.

இப்போது நான் செய்வது இப்படி. ஒவ்வொன்றும் ஒரு கிலோ அளவுள்ள இரண்டு பட்டர்நட் நாலு பேருக்குப் போதும். தோல் சீவ வேண்டாம். சீவினால் அதன் பால் கையில் பட்டு, காய்ந்த பசை மாதிரி தோல் இறுகிவிடும், நாள் முழுக்கப் போகாது. காம்பையும் அடியையும் நறுக்கிவிட்டு, நிற்கவைத்து நீளவாக்கில் பிளந்து, விதையை எடுத்து, எண்ணெய் தடவி, வெட்டுப்பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில், 45 முதல் 50 நிமிடம் சுட வேண்டும். கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் வெந்துவிட்டது. விதைகளை அம்மா உப்புத் தண்ணீரில் புரட்டி வறுத்துவிட்டார், சமையல் முடிவதற்குள் அதுவும் காலி.

பட்டர்நட்டில் குழி அடிப்பக்கம் மட்டும்தான், கழுத்து முழுக்கச் சதை. அதனால் ஒரு விரல் கனத்துக்குச் சுவர் விட்டுவிட்டு மீதியை ஸ்பூனால் தோண்டி எடுத்துவிடுவேன். முன்பெல்லாம் அந்தச் சதையை மறுநாள் சூப்புக்கு என்று எடுத்து வைப்பேன். இப்போது அதுதான் க்ரீம். மசித்தால் வெண்ணெய் போல ஆகிவிடும். ஒன்றரைக் கப் கொழுப்பெடுக்காத தயிரில் மூன்று டீஸ்பூன் கடலைமாவு, மஞ்சள்தூள் சேர்த்துக் கட்டியில்லாமல் கடைந்து, மசித்த பரங்கியையும் கலந்து, சின்னத் தீயில் விடாமல் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் மாவின் பச்சை வாடை போய், ஓரத்தில் நுரை கட்டும். இறக்கிவிடுவேன். ஒரு சொட்டு க்ரீம் கிடையாது, கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும்.

கோழிக்கு எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவுதான், ஆனால் இரண்டு முறை சூடு காணும் சமையலில் அது வறண்டுவிடுகிறது, அதனால் நான் தொடையையே எடுக்கிறேன். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு வதக்கி, பொடியாக நறுக்கிய கறியைப் போட்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு சீரகத்தோடு அது விடும் தண்ணீரிலேயே வேகவிடுவேன். உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வர வேண்டும், வெப்பமானி இருந்தால் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கைப்பிடி கீரை. இறக்கி ஆறவிட்டுத் தயிரோடு கலந்து, பரங்கிக் குழியில் நிரப்பி, பத்து நிமிடம் மட்டும் திரும்ப ஓவனில். மேலே நல்லெண்ணெயில் தாளித்த கடுகு, நாலு வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. எண்ணெயே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பரங்கிக்கு அந்த ஆரஞ்சு நிறத்தைக் கொடுக்கும் கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும்.

முதல் முறை இப்படிச் செய்த அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் தோலோடு ஒட்டியிருந்ததைக்கூடச் சுரண்டிவிட்டு, "அம்மாச்சி, இன்னும் இருக்கா?" என்று என்னிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டாள். பத்து மணிக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். சமையலறையில் சத்தமே இல்லை.

அடுத்த பரிசோதனையில் அவருக்கு 5.9 வந்தது. அதை ஒரு காய் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறார், பனியிலும் நடந்தார். வாரத்தில் மூன்று நாள் ராத்திரி சோறு வேண்டாம் என்று அவரே சொல்கிறார் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும், முன்பு அதை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பிவிட்டார். போன வாரம் போன் பண்ணினார். பொங்கலுக்குப் பறித்த பரங்கி ஒன்று பரணில் கிடந்ததாம், உருண்டைக்காய். அங்கே ஓவன் இல்லை, அதனால் மூடி மாதிரி மேலே அறுத்துக் குடைந்து இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்திருக்கிறார். கோழியும் தயாராம். அடுப்புப் பக்கம் நின்றுகொண்டுதான் பேசினார், தாளிக்கும் சத்தம் கேட்டது.

"வெயில்ல தயிர் ரொம்பப் புளிச்சுப் போச்சுடி. மாவு எவ்வளவு போடணும், மூணு ஸ்பூன் போதுமா?"

"புளிச்ச தயிர் சீக்கிரம் திரியும்மா. நாலாப் போடு" என்றேன்.